குழுவுக்குப் புதிதாய் வந்த பிள்ளைக்கு

கண்ணு, நம் சமூகப் பணியாளர் சங்கத்தின் மாற்றுத்திறனாளிகள் குழுவில் நீ சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. இந்தக் குழுவிலேயே எனக்குத் தலை நரைத்தது. பெரியவர்களிடமும் மனுவோடு வந்தவர்களிடமும் நான் கற்றுக்கொண்டதை உனக்குச் சொல்கிறேன்.

1. முதலில் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் பார். மாற்றுத்திறனாளிகள் அதில் எத்தனை பேர்? ஐ.நா. 2006இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் வரைவில் அவர்களே உட்கார்ந்து பேசினார்கள். உள்ளாட்சி அமைப்புகளில் அவர்களை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் சட்டம் திருத்தியது. ஊராட்சியிலேயே இடம் உண்டு என்றான பிறகு நம் குழுவில் இல்லாமல் போகலாமா? யாருக்காகப் பேசுகிறோமோ அவர் இல்லாத இடத்தில் எடுத்த முடிவு, எவ்வளவு நல்லதானாலும் அரைகுறைதான்.

2. கூட்டம் நடக்கும் இடத்தை முந்தின நாளே போய்ப் பார். சாய்தளம் இருந்தால் மட்டும் போதாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். செங்குத்தாய்க் கட்டிய சாய்தளத்தில் ஒரு அக்காவை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே வந்ததும் அவர், "நானே வரணும்னுதான் ஆசைப்பட்டேன்" என்றார். கழிப்பறையையும் திறந்து பார். சக்கர நாற்காலி உள்ளே போய்த் திரும்புமா, கதவைச் சாத்த முடியுமா என்று பார். போக இடம் இருக்காது என்று பயந்து, காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கூட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு.

3. வந்தவரோடு பேசு, கூட வந்தவரோடு பேசாதே. குறைதீர் நாளில் ஓர் அதிகாரி, "இவங்களுக்கு என்ன வேணும்?" என்று பக்கத்தில் நின்ற அண்ணனிடம் கேட்டார். "மனு என்னோடது சார், என்கிட்ட கேளுங்க" என்றாள் அந்தப் பெண். காது கேளாதவரிடம் பேசும்போது உன் கண் அவர் முகத்தில் இருக்கட்டும், சைகை மொழிபெயர்ப்பாளர் முகத்தில் வேண்டாம். பார்வையற்றவரிடம் உன் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கு. எழுந்து போகும்போதும் சொல்லிவிட்டுப் போ.

4. சட்டத்தைப் படித்து வை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. தலசீமியா, பார்க்கின்சன், மனநோய், கற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. ஆகவே, "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார்" என்ற வார்த்தை உன் வாயில் வரவே கூடாது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 விழுக்காடும், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் இடஒதுக்கீடு இருக்கிறது. ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் இதற்கென ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அந்த அலுவலர் யார் என்று கேள். கேட்டால்தான் கிடைக்கும்.

5. முகாமுக்கு வந்தவர்களை எண்ணித் திருப்தியடையாதே. வர முடியாதவர்களைத் தேடிப் போ. தனித்துவ அடையாள அட்டை வாங்க வரிசையில் நிற்பவர் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டவர். படுக்கையை விட்டு எழ முடியாதவரும், பேருந்தில் ஏற முடியாதவரும், மூத்த மகனை வெளியே காட்டக் கூசுகிற அம்மாவும் வீட்டிலேயே இருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடி ஆசிரியையையும் கேள். எந்த வீடு என்று அவர்களுக்குத் தெரியும்.

6. உதவியைப் படம் பிடித்துப் பரப்பாதே. மூன்று சக்கர வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் சால்வையோடு நிற்க, அதை வாங்குகிறவர் தலை குனிந்திருக்கும் படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். உரிமையாய் வரவேண்டியதைத் தானமாய்க் கொடுத்தால் கொடுத்தவருக்குத்தான் பெருமை, வாங்கியவருக்குக் கூச்சம். எதைக் கொடுத்தாலும் அவர் கேட்டதையே கொடு, அவர் உடலுக்கு அளவெடுத்துக் கொடு.

7. நம் தொழிலுக்குள்ளேயே பார். சமூகப் பணி படிக்கும் பார்வையற்ற மாணவியிடம், "வீடு வீடாய்ப் போகிற களப்பணி உனக்கு ஆகாது" என்று ஒரு நிறுவனம் சொல்லிவிட்டது. குழுவிலிருந்து இருவர் போய் உட்கார்ந்து பேசினார்கள். கோப்புகளைக் கணினியில் ஏற்றி, படித்துக் காட்டும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார்கள். வழி பழகும் வரை ஒரு சக மாணவி கூடப் போனாள். பிறகு அவள் தானே பேருந்தேறிப் போனாள், தானே அறிக்கை எழுதினாள். ஊருக்கு உபதேசம் சொல்கிற சங்கம் தன் பயிற்சி வகுப்பிலும் தேர்தலிலும் அதைச் செய்து காட்ட வேண்டும்.

8. உனக்கு முன்னே அவர் நடக்கட்டும். மனு எழுதத் துணை நில்; அலுவலகத்தில் அவரே பேசட்டும். திக்கினாலும் நேரமானாலும் குறுக்கே விழாதே. நீ பேசினால் வேலை சீக்கிரம் முடியும். அவர் பேசினால் அடுத்த முறை நீ தேவைப்பட மாட்டாய். அதுதான் நம் வேலையின் வெற்றி.

9. தீர்மானம் போடுவது எளிது, தொடர்வது கடினம். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். யாருடைய மனு, எந்தத் தேதி, எந்த மேசையில் நிற்கிறது, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே வா. பராமரிப்பு உதவித்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவருக்கு உன் இரக்கத்தைவிட உன் ஞாபகம் பெரிது.

நல்ல மனசு உனக்கு இருக்கிறது. அதனால்தான் இந்தக் குழுவுக்கு வந்தாய். அந்த மனசுக்கு ஒழுங்கும் பொறுமையும் சேரட்டும். அடுத்த கூட்டத்துக்கு வருவதற்குள், நிலுவையில் கிடக்கும் ஒரே ஒரு மனுவையாவது முடித்துவிட்டு வா, கண்ணு.