சில்லென்று ஒரு ஜால்ரா

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வந்தது. சனிக்கிழமைதோறும் சிறப்புப் பள்ளிக்குப் போகிறாய் என்பதே எனக்குச் சந்தோஷம். மார்கழியில் பனிக்காலப் பாட்டு வகுப்பு நடத்தும் பொறுப்பும் உன்னிடமே வந்துவிட்டதா! நீ எழுதியனுப்பிய சாமான் பட்டியலையும் பார்த்தேன்: பஞ்சு நாலு கட்டு, தெர்மாகோல் மணி, மின்னி மின்னி அணையும் சீரியல் பல்பு, 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டு. அந்தப் பட்டியலை மடித்து உள்ளே வைத்துவிடு.

முதல் வருடம் நானும் அதையேதான் செய்தேன். மேசை முழுக்கப் பஞ்சைப் பரப்பி "பனி, பனி" என்று பாடினேன். ஒரு பையன் ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் பஞ்சைப் பஞ்சாகத்தான் பார்த்தார்கள். புல்நுனியில் நிற்கும் துளிக்கும் இமயத்தில் உறைந்து கிடப்பதற்கும் நம் மொழியில் 'பனி' என்ற ஒரே சொல்தான். இவர்களுக்குத் தெரிந்தது புல்நுனிப் பனி. விடியலில் காலை வைத்தால் சில்லிடும் தரை, போர்வையின் கனம், டம்ளரிலிருந்து மூக்கில் ஏறும் ஆவி, கோயில் ஒலிபெருக்கி (சிலருக்கு அது பெரிய துன்பம்). அங்கிருந்து தொடங்கு.

வெண்கல ஜால்ரா ஒன்று போதும். இரவு முழுக்க ஜன்னலோரம் கிடந்ததைக் காலையில் தொட்டுப் பார். பக்கத்திலேயே கிடந்த மரக்கரண்டி அவ்வளவு சில்லிடாது. இரண்டும் ஒரே குளிரில் இருந்தவைதான். உலோகம் நம் கைச்சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது, மரம் மெதுவாகத்தான் உறிஞ்சும். ஒரு கையில் ஜால்ரா, மறுகையில் கரண்டி. முதலில் தொடட்டும், சத்தம் பிறகு. அப்புறம் மெல்லத் தட்டி, அதிர்ந்துகொண்டிருக்கும் விளிம்பைப் பிள்ளையின் புறங்கையில் பட்டும் படாமலும் வை. காது கேளாத பிள்ளைக்கும் இது இசைதான். ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவலின் க்ளெனி 12 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். அதிர்வைக் காலால் வாங்கிக்கொள்ள மேடையில் வெறுங்காலோடு நிற்பார்.

குளிர் எல்லாருக்கும் விளையாட்டல்ல. பெருமூளை வாதம் உள்ள சிலருக்குக் குளிர்ந்தால் தசை இன்னும் இறுகும். உணர்ச்சி குறைந்த கைகளுக்குப் பனிக்கட்டி சுடுவதே தெரியாது. அதனால் ஐஸ் வேண்டாம். வலிப்பு வரும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் மின்னும் விளக்கும் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். மார்கழி மணம்தான் வேண்டுமென்றால் நெய்யில் பொரித்த மிளகு இருக்கவே இருக்கிறது. யார் எதைத் தொடலாம் என்பதை வகுப்பு ஆசிரியையிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்.

சத்தங்களுக்குச் சமையலறையே போதும். எவர்சில்வர் தட்டில் ஜவ்வரிசியை மெல்லக் கொட்டினால் இலையிலிருந்து பனி சொட்டுவது போலிருக்கும். கார்ன்ஃப்ளாரைத் துணிப்பையில் கட்டி அழுத்து. உறைபனியில் நடக்கும் காலடிச் சத்தம் வரும். சினிமாவில் ஒலி சேர்ப்பவர்களின் பழைய தந்திரம் இது. எல்லாரும் கொஞ்சம் களைத்த பிறகு விவால்டியின் 'குளிர்காலம்' இரண்டாம் பகுதியைப் போடு. 1725இல் அச்சான இசை. வயலின்கள் தந்தியைச் சுண்டிச் சுண்டி வெளியே பெய்யும் மழையாகின்றன. தனி வயலின் மட்டும் உள்ளே கணப்படுப்பருகே உட்கார்ந்து நிதானமாகப் பாடுகிறது. இரண்டு நிமிடம்தான். அந்த நேரம் பழைய மல் வேட்டி ஒன்றை நாலு பேர் பிடித்து, தலைக்கு மேல் மூடுபனியாக மெதுவாக ஏற்றி இறக்குங்கள். முகத்தில் பட்டால் பிடிக்காதவர்களை ஓரமாக உட்கார வை. காதைப் பொத்திக்கொள்பவனை வற்புறுத்தாதே. அவனுக்கு வாசலோரம் ஒரு இடம் இருக்கட்டும்.

இன்னொன்று. அங்கே முப்பது வயதுக்காரர்களும் வருவார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களிடம் போய் மழலைப் பாட்டுப் பாடாதே. இளையராஜா பாட்டு வேண்டுமென்றால் அதைப் பாடு; அதில் பனி இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

இதையெல்லாம்விடக் கடினமான வேலை ஒன்று இருக்கிறது. சும்மா இருப்பது. 1959இல் இங்கிலாந்தில் பால் நார்டாஃப் என்ற பியானோக் கலைஞரும் க்ளைவ் ராபின்ஸ் என்ற சிறப்பாசிரியரும் சேர்ந்து ஒரு வழியைக் கண்டார்கள். பிள்ளை அழுதாலும் தட்டினாலும் அதையே சுருதியாக எடுத்துக்கொண்டு பியானோ பதில் சொல்லும். பிள்ளை முன்னே போகும், இசை பின்னால் வரும். நீ எளிதாக இப்படிச் செய்யலாம். பிள்ளையின் பேரைப் பாடு, இரண்டு தட்டுத் தட்டு, மூன்றாவது தட்டை விட்டுவிடு. மனசுக்குள் பதினைந்து எண்ணு. அந்தப் பதினைந்து ஒரு யுகமாக நீளும். பக்கத்திலிருக்கும் டீச்சர் பொறுக்காமல் பிள்ளையின் கையைப் பிடித்துத் தட்ட வைப்பார். வேண்டாமென்று சொல்லிவிடு.

சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண்ணுக்கு இப்படி மூன்று வாரம் காத்திருந்தேன். கை வரவேயில்லை. நாலாவது வாரம்தான் கவனித்தேன், அந்த மூன்றாவது தட்டு வர வேண்டிய இடத்தில் அவள் மூச்சை இழுத்துப் பிடிக்கிறாள். ஒருவேளை முதல் வாரத்திலிருந்தே பிடித்திருப்பாள். நான் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தொடக்கத்துக்கு ஒரு பாட்டு, முடிவுக்கு ஒரு பாட்டு. வாராவாரம் அவற்றை மாற்றாதே. முடியும்போது வெதுவெதுப்பான வெந்நீர்ப் பையை ஒவ்வொருவர் மடியிலும் கொஞ்ச நேரம் வை. வகுப்பு முடிந்தது என்று அதுவே சொல்லிவிடும். சூட்டை முதலில் உன் கன்னத்தில் வைத்துப் பார்.

என் ஜால்ராவை உங்கப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரியே ஜன்னலில் வைத்துவிடு. உள்பக்கமாக வை, காக்கா தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறது.

அன்புடன்,
அத்தை