அ, ஆ சார்ட் இருக்கட்டும், முதல்ல பேசு

பாப்பாவுக்கு எட்டு மாசம் முடியறதுக்குள்ள சுவர்ல அ, ஆ சார்ட் ஒட்டியாச்சு, போன்ல ரைம்ஸ் சேனலும் ஓடுதுன்னு பெருமையா சொன்னே. சார்ட்டைக் கிழிக்க வேண்டாம், அது பாட்டுக்குத் தொங்கட்டும். சேனலை மட்டும் நிறுத்திடு. நாளைக்கு அவ நல்லா படிக்கணும்னா இன்னைக்கு அவகூட நிறைய பேசணும். பேசறதுன்னா, அவ பதில் சொல்ல இடம் விட்டுப் பேசறது.

குளிப்பாட்டும்போது ஆரம்பி. "தண்ணி வெதுவெதுன்னு இருக்கா? இப்ப எந்தக் கால்ல ஊத்தட்டும்?"னு கேட்டுட்டு, அவ முகத்தைப் பார்த்து நிறுத்து. மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணு. "ங்கா"ன்னு ஒரு சத்தம் வரும், இல்லேன்னா காலை உதைப்பா. அதுதான் அவ பதில். அந்த "ங்கா"வைத் திருப்பிச் சொல்லிட்டு மறுபடியும் காத்திரு. இந்தக் காத்திருக்கறதைத்தான் நம்ம வீட்டுல யாரும் செய்யறதில்ல. எல்லாருக்கும் பேச வரும், நிறுத்தத் தெரியாது. சமைக்கும்போது பக்கத்துல உட்கார வச்சு, முருங்கைக்காய் ஒடிக்கற சத்தத்தைக் கேட்கச் சொல்லு. கீரைக்காரம்மா வந்தா தூக்கிட்டுப் போய் அரைக்கீரை, சிறுகீரைன்னு பேர் சொல்லிக் காட்டு.

குரலை ஏத்தி இறக்கி, ராகம் போட்டு நீ பேசறதைப் பார்த்து உன் வீட்டுக்காரர் சிரிச்சா சிரிக்கட்டும். அப்படிப் பேசினாத்தான் குழந்தைங்க கூர்ந்து கேட்கும். மம்மம், தாச்சி, ஜோஜோ எல்லாம் தாராளமா சொல்லு. அதால பேச்சு கெட்டுப் போகாது.

இப்ப சேனல் விஷயம். அமெரிக்காவுல பெட்ரீஷியா குல்னு ஒரு விஞ்ஞானி. 2003-ல வெளியான அவங்க ஆய்வுல, இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாசக் குழந்தைங்களுக்குச் சீன மொழியைக் கேட்க வச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு ஆள் நேர்ல உட்கார்ந்து புத்தகம் படிச்சு விளையாட்டு காட்டினாங்க. இன்னொரு கூட்டத்துக்கு அதையே டிவியில போட்டுக் காட்டினாங்க. நேர்ல கேட்ட குழந்தைங்க சீன ஒலிகளைப் பிரிச்சுக் கேட்கக் கத்துக்கிச்சு. டிவி பார்த்ததுங்களுக்கு ஒண்ணும் ஏறலை. பிறந்த ஆறேழு மாசத்துல குழந்தைக்கு உலகத்துல இருக்கிற எந்த மொழியோட ஒலியையும் பிரிச்சுக் கேட்க முடியும். ஒரு வயசு நெருங்கும்போது வீட்டுல காதுல விழற மொழிக்குக் காது பழகி, மத்ததெல்லாம் மங்கிடும். பாப்பா இப்ப சரியா அந்தக் கட்டத்துல இருக்கா. நீயும் பழத்தைப் பளம்னு சொல்றதை இப்பவாவது விட்டுடேன்.

2019-ல உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு இது: ரெண்டு வயசு ஆகற வரைக்கும் திரையே வேண்டாம், ரெண்டு வயசுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைஞ்சா இன்னும் நல்லது. சாப்பாடு ஊட்ட போன், அத்தைக்கு சீரியல்னு ஓடிட்டே இருந்தா, குழந்தை பார்க்கலைன்னாலும் பெரியவங்க பேச்சு குறைஞ்சு போகும். துபாய்ல இருக்கிற சித்தப்பாகூட வீடியோ கால் பேசறதை நான் இதுல சேர்க்க மாட்டேன். அந்தப் பக்கம் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்காரே.

அம்மா நமக்கு உள்ளங்கையில பருப்பு கடைஞ்சு, விரல் விரலா சோறு ஊட்டி, கடைசியில நண்டு ஊர விட்டு அக்குள்ல கிச்சுகிச்சு மூட்டுவாங்களே, அதை தினமும் விளையாடு. அடுத்து என்ன வரும்னு குழந்தை காதைத் தீட்டிட்டுக் காத்திருக்கும். கிச்சுகிச்சு வர்ற இடத்துக்கு முன்னாடியே அவ சிரிச்சா, வரிசை அவளுக்குப் பிடிபட்டிருச்சுன்னு அர்த்தம். ரெண்டு வயசுக்கு மேல அழ. வள்ளியப்பா பாட்டுங்க வாங்கிக் கொடு. எதுகை காதுல பழகினா, பின்னாடி ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்களைப் பிரிச்சுப் பார்க்கறது சுலபம்.

புத்தகத்துக்கு வயசு காத்திருக்க வேண்டாம். கெட்டி அட்டைப் புத்தகமா ரெண்டு மூணு போதும். கடிப்பா, தலைகீழா பிடிப்பா, பாதியில இறங்கி ஓடுவா, விட்டுடு. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டா சலிச்சுக்காதே. நமக்குத்தான் அது பழைய கதை. வரி வரியா வாசிச்சு முடிக்கணும்னு கட்டாயமும் இல்ல. 1988-ல க்ரோவர் வைட்ஹர்ஸ்ட்னு ஒருத்தரும் அவர் குழுவும், ரெண்டு வயசுக் குழந்தைங்களோட பெற்றோருக்குப் படிக்கற விதத்தை மட்டும் மாத்திச் சொல்லிக் கொடுத்தாங்க. சும்மா வாசிக்காம கேள்வி கேளு, குழந்தை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கறதுதான் பாடம். ஒரு மாசத்துலயே அந்தக் குழந்தைங்க பேச்சுல முந்திடுச்சு. நாம எப்படிச் செய்யலாம்னா, படத்தைக் காட்டி "இது என்ன?"ன்னு கேளு. "மாடு"ன்னு சொன்னா, "ஆமா, கொம்பு வச்ச வெள்ளை மாடு. என்ன பண்ணுது?"ன்னு அடுத்ததுக்குப் போ. "மாடா?"ன்னு மட்டும் கேட்டா தலையை ஆட்டிட்டுப் போயிடுவா.

புத்தகத்துக்குப் பெரிய செலவு இல்ல. பிரதம் புக்ஸ் நடத்தற ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைங்க இலவசம், பிரிண்ட் எடுத்துக்கலாம். சென்னையில தூலிகா பதிப்பகம் ரெண்டு மொழியிலயும் படிக்கற மாதிரி படப் புத்தகம் போடறாங்க. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துலயும் மதுரை கலைஞர் நூலகத்துலயும் குழந்தைங்களுக்குத் தனிப் பிரிவே இருக்கு.

இன்னொண்ணு, தமிழ்ப் பிள்ளைங்களுக்கே உள்ள சிக்கல். நாம "மழை பெய்யுது, உள்ள வா"ன்னு பேசறோம். புத்தகத்துல "மழை பெய்கிறது, உள்ளே வா" என்று இருக்கும். அஞ்சு வயசு வரைக்கும் அந்தத் தமிழே காதுல விழாத பிள்ளை, ஒண்ணாம் வகுப்புல எழுத்தோடயும் அந்நியமான பேச்சோடயும் ஒரே நேரத்துல மல்லுக்கட்டும். எழுத்துக்கூட்டி "பெய்கிறது"ன்னு படிச்சிடும், ஆனா அது பெய்யுதுன்னு பொறி தட்டாது. அதனால ரெண்டையும் கலந்து செய். முதல் தடவை கதையை நம்ம பேச்சுலயே சொல்லு. கதை பழகினதும் புத்தகத்துல இருக்கிறபடியே அப்படியே வாசி. நிறுத்தி விளக்கம் கொடுக்காதே. "சென்றது", "கூறியது" எல்லாம் கதையோட சேர்ந்து தானா உள்ள போயிடும். கொஞ்ச நாள்ல பாப்பாவே பொம்மைக்கு "ஒரு ஊரில் ஒரு நரி இருந்ததாம்"னு கதை சொல்லும், பாரு.

மூணு வயசுக்கு மேல ஒலி விளையாட்டு. "க-வுல ஆரம்பிக்கிற சாமான் சமையல்கட்டுல என்ன இருக்கு?", "ப-ட்-ட-ம், எத்தனை தட்டு தட்டலாம்?" இந்த மாதிரி. கொஞ்சம் வளர்ந்ததும் க-பாஷை சொல்லிக் கொடு. ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாடியும் க போட்டு நாம ரகசியம் பேசினோமே, அதேதான். சொல்லை எழுத்து எழுத்தா உடைக்கத் தெரிஞ்சாத்தான் அந்தப் பாஷை வரும். படிக்கறதுக்கும் அந்த வித்தைதான் வேணும்.

எழுத்துக்கு வரும்போது, 247-ஐயும் ஒப்பிச்சு முடிச்சுட்டுத்தான் சொல்லுக்குப் போகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. முதல்ல அவ பேரோட எழுத்து. அப்புறம் ப, ட, ம, கூடவே புள்ளி. இது தெரிஞ்சா படம், மடம், பட்டம் எல்லாம் படிச்சிடலாம். துணைக்கால் சேர்ந்தா பாட்டம், மாடம். நிறைய பிள்ளைங்க தடுக்கி விழறது கொம்புலதான். கெ எழுதும்போது கொம்பு முன்னாடி நிக்குது, ஆனா ஒலிக்கும்போது க முதல்ல வருது. கொ-வுல ரெண்டு பக்கமும் மாட்டிக்குது. அங்க திட்டாம, அட்டையில கெ, கே, கொ-ன்னு முழு எழுத்தா எழுதிக் காட்டி ஒரே படமா பழக்கு. பஸ் போர்டு, கடைப் பலகை, பால் பாக்கெட்னு தெரு முழுக்க எழுத்து கிடக்கு, அதையும் படிக்கச் சொல்லு.

விஜயதசமி அன்னைக்கு பச்சரிசியில விரலைப் பிடிச்சு எழுதறது கொண்டாட்டம். மறுநாளே பென்சில் கொடுத்து நோட்டை நிரப்பச் சொல்லாதே. விரலுக்கு முதல்ல வலு வரணும். பட்டாணி உரிக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், உன்கூட உட்கார்ந்து கோலத்துக்குப் புள்ளி வைக்கட்டும்.

"வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க"ன்னு சில பள்ளிக்கூடத்துல அட்மிஷன் அன்னைக்கே சொல்வாங்க. காதுல வாங்காதே. உனக்குத் தடையில்லாம வர்ற மொழியில பேசினாத்தான் கதை வரும், கேலி வரும். ரெண்டு மொழி கேட்டா குழந்தை குழம்பிப் போகாது. நடுவுல கலந்து பேசும், அது இயல்புதான்.

பேச்சு தாமதமானா அத்தை வசம்பைச் சுட்டு நாக்குல தடவச் சொல்வாங்க. வேண்டாம்னு பக்குவமா சொல்லிடு. தேனும் அப்படித்தான், ஒரு வயசுக்குள்ள தொடவே கூடாது. அதுல இருக்கிற கிருமி கைக்குழந்தைக்கு ஆபத்து. ஒரு வயசாகியும் மழலைச் சத்தமோ விரல் நீட்டிக் காட்டறதோ இல்லைன்னா, பதினாறு மாசத்துலயும் ஒரு சொல் வரலைன்னா, ரெண்டு வயசுல "அம்மா வா"ன்னு ரெண்டு சொல் சேரலைன்னா டாக்டரைப் பாரு. வந்த பேச்சு நின்னு போனா எந்த வயசானாலும் உடனே போகணும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்"ங்கற பேச்சைக் கேட்டுட்டு உட்கார்ந்துடாதே.

முதல்ல பார்க்க வேண்டியது காது. நீ அத்தை பையனைக் கட்டினவ. சொந்தத்துல கல்யாணம் பண்ணின வீட்டுல பிறவியிலேயே காது கேளாமை வர்ற வாய்ப்பு கூடுதல். பிறந்த குழந்தை தூங்கும்போதே காதுல சின்னக் கருவியை வச்சு சில நிமிஷத்துல பார்த்துடற ஓ.ஏ.இ. டெஸ்ட் இருக்கு. குறை தெரிஞ்சா ஆறு மாசத்துக்குள்ளயே வைத்தியத்தை ஆரம்பிக்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க. பாப்பாவோட டிஸ்சார்ஜ் ஷீட்டை எடுத்து அந்த டெஸ்ட் எடுத்திருக்காங்களான்னு பாரு. எடுக்கலைன்னா ஒன்பதாம் மாசத் தடுப்பூசிக்குப் போறப்ப கேட்டு எழுதி வாங்கிட்டு வா.