பாட்டிக்கு ஓர் அஞ்சறைப் பெட்டி

மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தின் செய்பணிக்காக அஞ்சறைப் பெட்டி ஒன்றைச் செய்ய முடிவு செய்தாள். பெட்டி, அவளுடைய பாட்டிக்கு. பாட்டியிடம் இருந்த பழைய பெட்டியின் மரம் கறுத்துவிட்டது. பார்வை மங்கி வரும் பாட்டிக்கு அதன் அறையில் கடுகு இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்பதே தெரிவதில்லை. ஆகவே, புதிய பெட்டி வெளிர் நிற மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்று அவள் எண்ணினாள்.

பலகைக் கடையில் மூன்று வெளிர் பலகைகளை எடுத்து வைத்தார்கள். பார்வைக்கு மூன்றும் உடன்பிறந்தவை போலவே இருந்தன.

முதலாவது ஜெலுத்தோங். கையில் எடுத்ததுமே அதன் எடைக்குறைவு தெரிந்தது. காய்ந்த ஜெலுத்தோங் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 420 முதல் 500 கிலோகிராம் எடை கொண்டது. இழைப்பதற்கும் செதுக்குவதற்கும் இதைப் போல் எளிதான மரம் குறைவு. அதனால்தான் பென்சில் செய்யவும் வார்ப்பட மாதிரிகள் செய்யவும் இது பயன்படுகிறது. பலகையில் ஆங்காங்கே சிறு கீறல்கள் போன்ற துளைகள் இருந்தன. அவை பூச்சி அரித்தவை அல்ல. மரம் உயிரோடிருந்தபோது பால் ஓடிய தடங்கள். ஒரு காலத்தில் சூயிங்கம் தயாரிக்கப் பயன்பட்டது அந்தப் பால்தான். மாணவி பலகையை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். தழும்பு விழுந்தது. நாளுக்குப் பத்து முறை திறந்து மூடும் பெட்டிக்கு இது தாங்காது.

இரண்டாவது ராமின். முடிச்சோ கோடோ இல்லாத, சீரான வெண்மஞ்சள் நிறம். அழகில் மூன்றிலும் இதுவே முதன்மை. அந்த அழகே அதற்குக் கேடாகவும் முடிந்தது. கரிச்சதுப்பு நிலக் காடுகளில் வளரும் ராமின், படச்சட்டங்களுக்காகவும் அறைகலன்களுக்காகவும் அளவுமீறி வெட்டப்பட்டது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2005ஆம் ஆண்டு முதல் அது இடம்பெற்றுள்ளது. ஒரு பள்ளிச் செய்பணிக்கு அப்படிப்பட்ட மரம் தேவைதானா?

மூன்றாவது இரப்பர் மரம். பிரேசிலில் தோன்றிய இம்மரத்தின் 22 கன்றுகள் 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர்த் தோட்டங்கள் பெருகின. பால் மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் பேர் வந்தனர். மாணவியின் பாட்டியும் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்தான். ஆனால், அவர் அறிந்த வரையில் இரப்பர்க் கட்டை என்பது விறகு. அடுப்புக்கும் இரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்திற்கும் போகும், அவ்வளவுதான்.

விறகாக மட்டுமே மதிக்கப்பட்டதற்குக் காரணம் இருந்தது. இரப்பர்க் கட்டையில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டுகளும் துளைக்கும். அறுத்த கையோடு போரான் கலவையை ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே அது அறைகலன் மரமாயிற்று. இன்று மூவார் வட்டாரத் தொழிற்சாலைகளில் நாற்காலியாகவும் மேசையாகவும் உருவெடுப்பது பெரும்பாலும் இம்மரமே. 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் எப்படியும் வெட்டப்படும் மரம் என்பதால், இதற்காகக் காட்டை அழிக்க வேண்டியதில்லை. நகம் பதியாத அளவுக்குக் கடினமானது. மழையும் ஈரமும் மட்டும் ஆகாது.

கடையில் இருந்த இரப்பர்ப் பலகைகளுள் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. அதன் ஓரத்தில் சாம்பல் கலந்த நீலக்கறை. மணல்தாளால் தேய்த்தால் போய்விடும் என்று மாணவி நினைத்தாள். பட்டறையில் அரை மணி நேரம் தேய்த்தும் பலகை மெலிந்ததே தவிர, கறை நீங்கவில்லை. பூஞ்சையின் நிறம் மரத்தின் உள்ளே ஊடுருவியிருந்தது. எனினும், நீலக்கறையால் மரத்தின் வலிமை பெரிதாகக் குறைவதில்லை என ஆசிரியர் விளக்கினார். கறைபட்ட பகுதியை அவள் பெட்டியின் அடிப்பலகைக்கு ஒதுக்கினாள்.

பூச்சு வேலையிலும் கவனம் தேவைப்பட்டது. எண்ணெய் கலந்த வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகி வெண்மையைக் கெடுக்கும். நீரில் கரையும் வார்னிஷ் அப்படிப் பழுப்பதில்லை. அதையே அவள் இருமுறை பூசினாள். மஞ்சள்தூளை நேராக மரத்தில் கொட்டினால் எந்தப் பூச்சும் நெடுநாள் தாங்காது என்பதால், ஒவ்வோர் அறைக்கும் அளவாகச் சிறு எவர்சில்வர் கிண்ணம் வைத்தாள்.

பெட்டியைக் கையில் வாங்கிய பாட்டி, “இது என்ன மரம்?” என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் நம்பாமல் மூடியை முகர்ந்து பார்த்தார். இரண்டாம் நாளே மூடியின் விளிம்பில் மஞ்சள் விரல்தடம் ஒன்று விழுந்தது. மாணவி பதறினாள். பாட்டியோ பெட்டியை எடுத்துச் சென்று முற்றத்து வெயிலில் வைத்தார். மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும் என்பது அவர் புடவையில் கண்ட பாடம். மாலைக்குள் அந்தத் தடம் மங்கிவிட்டது.