டேப்பட் கவரை இறுக்கினால் ஆயில் கசிவு நிற்குமா?

பழவங்காடி கணபதி கோயில் வாசலில் பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, அதற்குப் பிறகே புது வண்டியை வீட்டுக்கு ஓட்டிப்போகிறவர்கள் திருவனந்தபுரத்தில் ஏராளம். அதே சாலையில், ஓவர்பிரிட்ஜுக்கும் கிழக்கேகோட்டைக்கும் நடுவே உள்ள நெரிசலில், பழைய வண்டிகளும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அம்பாசடர், மாருதி 800 இரண்டின் தயாரிப்பும் 2014-இல் நின்றுபோனது. பிரீமியர் பத்மினி அதற்கு வெகு முன்பே நின்றது. ஆனாலும் தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது என்று இவற்றைப் பிரியமாகக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் உள்ள பொதுவான குறை, என்ஜின் தலையில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு.

கணபதியிடம் வைக்கும் நம்பிக்கை அவரவருடையது. ஒர்க்‌ஷாப்பில் வாய்வழியாக வரும் சில நம்பிக்கைகளைத்தான் இங்கே உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. காரணம், அவற்றை நம்பிப் பணத்தையும் வண்டியையும் வீணாக்குகிறவர்கள் அதிகம்.

நம்பிக்கை 1: பழைய என்ஜின் என்றால் ஆயில் கசியத்தான் செய்யும்.

உண்மை: டேப்பட் கவர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் வால்வு கவர், ஹெட்டின் மேல் கவிழ்த்து வைத்த ஒரு மூடி. உள்ளே தெறிக்கும் ஆயிலை வெளியே விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஆயில் பம்பின் அழுத்தம் அந்த மூடியின் மேல் விழுவதில்லை. மூடியின் விளிம்பு சமமாக, பேக்கிங் உயிரோடு, உள்வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைப்பில்லாமல் இருந்தால் நாற்பது வயது என்ஜினும் உலர்ந்தே இருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. திருகுபோல் வெட்டிய பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அங்கே லேசான ஈரம் இருந்தால் அது அந்த அமைப்பின் இயல்பு. மேல்மூடிக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது.

நம்பிக்கை 2: இன்னும் நாலு சுற்று முறுக்கினால் கசிவு நின்றுவிடும்.

உண்மை: பெரும்பாலான கசிவுகள் இப்படி முறுக்கியதால்தான் பெரிதாகின்றன. அம்பாசடரின் கவர் மெல்லிய இரும்புத் தகடு. நீளவாக்கில் இரண்டே நட்டுகள் அதைப் பிடித்திருக்கின்றன. அவற்றுக்கான இறுக்கம் சுமார் 4 பவுண்டு-அடி, அதாவது 5 நியூட்டன் மீட்டரைச் சற்றுத் தாண்டும். சிலிண்டர் ஹெட் நட்டுக்கு ஏறக்குறைய இதைப்போல் பத்து மடங்கு வேண்டும். இரண்டையும் ஒரே கைவேகத்தில் முறுக்கினால் தகடு வளைந்து, கார்க் பேக்கிங் ஓரிடத்தில் நசுங்கி வெளியே பிதுங்கும், இன்னோரிடத்தில் இடைவெளி விடும். நட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் புஷ் காய்ந்து வெடித்திருந்தால் ஸ்டட்டைச் சுற்றியே ஆயில் ஏறி வரும். பேக்கிங்கை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கசிவு நிற்காது.

மாருதி 800-இல் ரப்பர் பேக்கிங். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, சம அளவில் இறுக்க வேண்டும். சூட்டில் வெந்து கல்லாகிப்போன ரப்பரை எவ்வளவு அழுத்தினாலும் அது இனி நெகிழாது.

நம்பிக்கை 3: பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசினால் உறுதி.

உண்மை: வெளியே பிதுங்கும் சிலிக்கான் பேஸ்ட் கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்குகிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. அது துண்டுதுண்டாகக் கழன்று, ஆயிலோடு இறங்கி, சம்ப்பில் உள்ள சல்லடையில் போய் உட்காரும். சல்லடை அடைபட்டால் ஆயில் அழுத்தம் விழும், பேரிங் தேயும். சில நூறு ரூபாய் பேக்கிங்கில் முடிய வேண்டிய வேலை என்ஜினைப் பிரிக்கும் செலவாக வளர்ந்துவிடும்.

கார்க் பேக்கிங்கைக் கவரின் பக்கம் மட்டும் மெல்லிய பூச்சாக ஒட்டலாம். ஹெட்டின் பக்கம் உலர்ந்தே இருக்கட்டும். அடுத்த முறை டேப்பட் செட் செய்யக் கழற்றும்போது பேக்கிங் கிழியாமல் வரும். ரப்பர் பேக்கிங்குக்குப் பேஸ்ட் தேவையில்லை. இரண்டு பாகங்கள் சேரும் மூலைகளில் மட்டும், கம்பெனி கையேடு சொன்னால், ஒரு பொட்டு வைக்கலாம்.

நம்பிக்கை 4: புது பேக்கிங் போட்டாயிற்று, பிரச்சினை தீர்ந்தது.

உண்மை: போன மாதம் மாற்றிய பேக்கிங் இந்த மாதமே கசிந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் பிரீதர். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்குவது எல்லா என்ஜினிலும் உண்டு. அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். அந்தக் குழாய் பிசுக்கால் அடைபட்டாலோ, உள்ளே சுருங்கி ஒட்டிக்கொண்டாலோ, வாயு வேறு வழி தேடும். அப்போது பலவீனமான பேக்கிங் வழியாக ஆயிலையும் சேர்த்துத் தள்ளும்.

என்ஜின் சூடானபின், ஐடிலில், ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். லேசான மூச்சு இருந்தால் பரவாயில்லை. குபுகுபுவெனப் புகை வந்தால் மெக்கானிக்குகள் சொல்லும் ‘பேக் கம்ப்ரஷன்’ அது. முதலில் பிரீதர் குழாய்களைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகும் புகை அடித்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் தேய்ந்தது ரிங். அப்படிப்பட்ட என்ஜினில் பேக்கிங் மாற்றுவது தற்காலிக வைத்தியம்தான்.

நம்பிக்கை 5: பின்னால் சொட்டுகிறது, கியர்பாக்ஸை இறக்கி சீல் மாற்ற வேண்டும்.

உண்மை: ஆயில் மேலிருந்து கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். மேல்மூடியின் பின்மூலையில் தொடங்கிய கசிவு கிளச் ஹவுசிங் அடியில் வந்துதான் சொட்டும். அம்பாசடரில் பிளாக்கின் பக்கவாட்டிலும் கார்க் பேக்கிங் போட்ட இரண்டு தகட்டு மூடிகள் உண்டு. அவை மேனிஃபோல்டுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் பலர் பார்ப்பதே இல்லை.

எனவே முதலில் என்ஜினை டீசல் போட்டுக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடர் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நனைந்த பவுடரில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, அதுதான் கசிவின் ஊற்று. இதைச் செய்யாமல் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

நம்பிக்கை 6: கெட்டி ஆயில் ஊற்றினால் கசியாது. குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம்.

உண்மை: சூடானபின் எந்த ஆயிலும் இளகும், திறந்த இடைவெளி வழியே வெளியேறும். கையேடு சொல்லும் தரத்தைத் தாண்டிக் கெட்டியாக ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ராக்கருக்கு ஆயில் ஏறத் தாமதமாகும். கசிவோ அப்படியே இருக்கும்.

ஊற்றி ஊற்றி ஓட்டுவதில் ஆபத்தும் இருக்கிறது. என்ஜின் ஆயில் 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு ஏற்றத்தில் அதைவிட வெகு மேலே போகும். வண்டிக்குள் வரும் கருகல் வாடை தீப்பிடிக்கும் ஆபத்தின் முன்னறிவிப்பு. இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழைக்காலம் காணும் இந்த ஊரில், ஈரச் சாலையில் படியும் ஆயில் பின்னால் வரும் ஸ்கூட்டரைச் சறுக்கிவிடும். மிச்சம் பழவங்காடி வழியே போகும் தெக்கனங்கரைக் கால்வாய் போன்ற நீர்வழிகளில்தான் சேரும்.

சரியாகச் செய்யும் முறை

என்ஜின் ஆறிய பிறகே கவரைக் கழற்றுங்கள். அம்பாசடரில் புஷ்ராட் துளைகளின் மேல் சுத்தமான துணியை விரித்துவிட்டு, பழைய கார்க்கை மரச் சில்லால் சுரண்டுங்கள். மாருதியின் அலுமினிய ஹெட்டில் இரும்பு பட்டால் கீறல் விழும். கவரைக் கழுவி, தடித்த கண்ணாடிப் பலகையில் கவிழ்த்துப் பாருங்கள். விளிம்புக்கு அடியில் வெளிச்சம் தெரியும் இடத்தை மரக்கட்டையில் வைத்து, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமன் செய்யுங்கள். கடையில் நெடுநாள் கிடந்து சுருங்கிய கார்க் பேக்கிங் துளைக்குச் சேராவிட்டால், வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும். அதைத் துடைத்து உலர்த்திப் பொருத்துங்கள். இரண்டு விளிம்புகளையும் தின்னரால் துடைத்து, புது ரப்பர் புஷ்ஷோடு, சின்ன ஸ்பேனரால் மாறி மாறி இறுக்குங்கள். கார்க் கொஞ்சம் அமுங்கும் என்பதால், ஒருமுறை ஓட்டி ஆறியபின் இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

அடுத்த சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கவரின் விளிம்பைச் சமம் பார்த்தீர்களா, பிரீதர் குழாயைக் கழுவினீர்களா, நட்டுக்கு அடியில் புது புஷ் போட்டீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வருகிற கடையில் உங்கள் பழைய வண்டியை நம்பி விடலாம்.