பினாங்குப் பிள்ளைகளுக்கு யோகா

கேள்வி: பினாங்கில் மகன் வீட்டுக்குப் போகிறேன். அங்குள்ள தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் யோகா சொல்லித்தரலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாக, ஆச்சி. ஆனால் சுற்றுலாப் பயணியாக நுழைந்து வகுப்பெடுத்தால், காசு வாங்காவிட்டாலும் சிக்கல்தான். பள்ளி வழியாகவே உரிய அனுமதி கேளுங்கள். ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றிதழ் வாரியச் சான்று கையிலிருந்தால் பேச்சு சுலபம்.

இன்னொன்று. 2008இல் மலேசியாவின் தேசிய ஃபத்வா கவுன்சில் முஸ்லிம்களுக்கு யோகா கூடாதென்றது. மந்திரம் ஓதாமல் உடற்பயிற்சியாகச் செய்யலாம் என்றார் அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவி. ஆகவே எந்த வீட்டுப் பிள்ளையானாலும் பெற்றோர் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

கண்மூடி உட்காரச் சொன்னால் வாண்டுகள் நெளியும். விருட்சாசனம், புஜங்காசனம் என்று மரமும் பாம்புமாய் ஆடவிடுங்கள். சிரசாசனம் மட்டும் வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும்.