இரு வண்டிகள் விடைபெற்ற ஆண்டு

நுழையும்முன்

தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலோ மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளிலோ நின்று, கறுப்பும் மஞ்சளுமான வாடகை மகிழுந்தைக் கைகாட்டி அழைக்காத மும்பைத் தமிழ்க் குடும்பம் அரிது. மீட்டர் காட்டும் தொகை முழுவதும் ஓட்டுநரின் வீட்டுக்குச் செல்வதில்லை. அதில் பெரும்பங்கை எரிபொருள் எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டரில் வண்டி எவ்வளவு தொலைவு ஓடும் என்பதைத் தமிழ்நாட்டில் ‘மைலேஜ்’ என்பர். மும்பையில் ‘ஆவரேஜ்’ என்பர். மைல் கணக்கு மறைந்து கிலோமீட்டர் வந்து பல ஆண்டுகள் ஆகியும் பழைய சொல் போகவில்லை. எழுத்துத் தமிழில் இதனை எரிபொருள் சிக்கனம் என்று குறிக்கலாம்.

பாடம்

மும்பையில் வாடகை மகிழுந்துகளின் வயது வரம்பு 20 ஆண்டுகள். பிரீமியர் பத்மினி வகையைச் சேர்ந்த கடைசி வாடகை வண்டி 2003 அக்டோபர் 29 அன்று பதிவு செய்யப்பட்டது. ஆகவே, 2023 அக்டோபர் இறுதியோடு இந்நகரச் சாலைகளில் பத்மினி வாடகை வண்டிகளின் காலம் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில், கனடா நாட்டின் பிராம்ப்டன் ஆலையிலிருந்து டாட்ஜ் சேலஞ்சர் என்னும் மகிழுந்தின் கடைசி வண்டி வெளிவந்தது. அது, அமெரிக்கர் ‘மசில் கார்’ என்று அழைக்கும் பேராற்றல் வண்டிகளுள் புகழ்பெற்ற ஒன்று.

பத்மினியின் உந்துபொறியில் நான்கு உருளைகள். அவற்றின் மொத்தக் கொள்ளளவு 1089 கன செ.மீ. அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 900 கிலோ. சேலஞ்சரின் ஒரு வகையில் 5.7 லிட்டர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் உண்டு. அது 370 குதிரைத்திறனுக்கு மேல் தரும். எடையோ ஏறத்தாழ 1900 கிலோ. முன்னது ஆறு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து சயானிலிருந்து செம்பூருக்கு ஊர்ந்து சென்றது. பின்னது ஒருவரையோ இருவரையோ ஏற்றிக்கொண்டு அகன்ற நெடுஞ்சாலையில் பாய்ந்தது.

இவ்விரண்டுக்கும் உறவில்லை என்று தோன்றும்; ஆனால் உண்டு. வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். செம்பூருக்கு அண்மையிலுள்ள குர்லாவில் அதன் ஆலை அமைந்தது. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அங்கே முதலில் உருவானவை டாட்ஜ், பிளிமத் போன்ற பெரிய அமெரிக்க வண்டிகளே. இத்தாலி நாட்டு ஃபியட் நிறுவனத்தின் சிறிய வண்டிகள் பின்னரே வந்தன. ஃபியட் 1100 என்னும் அச்சிறு வண்டியே 1970களில் பிரீமியர் பத்மினி என்னும் பெயர் பெற்றது. இப்பெயரைக் கேட்டதும் தமிழர்க்கு நாட்டியத்தில் சிறந்த நடிகை நினைவுக்கு வருவது இயல்பு. எனினும் இது மேவார் நாட்டு அரசி பத்மினியைக் குறிப்பது என்பர்.

பெரிய அமெரிக்க வண்டிகளும் ஒரு காலத்தில் பம்பாயில் வாடகைக்கு ஓடின. அவற்றின் இருக்கைகள் அகலமானவை, பயணம் சொகுசானது. ஆனால் பெட்ரோல் செலவு ஓட்டுநரின் கையைக் கடித்தது. சிறிய ஃபியட் வந்ததும் அவை மெல்ல ஒதுங்கின.

எடை மிகுந்த வண்டி ஏன் மிகுதியாகக் குடிக்கிறது? நிற்கும் வண்டியைக் குறிப்பிட்ட வேகத்திற்குக் கொண்டுவரத் தேவைப்படும் ஆற்றல், அதன் எடைக்கேற்ப உயரும். எடை இருமடங்கானால் அவ்வாற்றலும் இருமடங்காகும். வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் கவலை இல்லை. தாராவியிலிருந்து சயான் செல்லும் வழியில் அவ்வாறு ஓட முடியுமா? சைகை விளக்கு சிவக்கிறது. கைவண்டி குறுக்கே வருகிறது. ஓட்டுநர் தடையை மிதிக்கிறார். பெட்ரோலை எரித்துப் பெற்ற வேகம் முழுவதும் தடைக்கட்டையில் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. அடுத்த நொடி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நெரிசல் நகரத்தில் எடையே பெரும்பகை. நெடுஞ்சாலையில் காற்றின் எதிர்ப்பே பகை. வேகம் இருமடங்கானால் அவ்வெதிர்ப்பு நான்கு மடங்காகும்.

அமெரிக்கர் நெடுங்காலம் இதைப் பொருட்படுத்தவில்லை. பெட்ரோல் அங்கே மலிவு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த எண்ணெய் விலை, சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்காவில் எண்ணெய் நிலையங்களின் முன் வண்டிகள் வரிசையில் நின்றன. 1975இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் மகிழுந்துகளின் சராசரிச் சிக்கனம் படிப்படியாக உயர வேண்டும். 1985ஆம் ஆண்டுக்கு விதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 11.7 கி.மீ. இந்தியக் குடும்பம் ஒன்று அதைக் கேட்டால் வியக்காது. அமெரிக்காவுக்கோ அது பெரிய மாற்றம். முரட்டு வண்டிகளின் முதற்காலம் அவ்வாறு முடிந்தது.

அவை பின்னர்த் திரும்பி வந்தபோது சில புதிய உத்திகளோடு வந்தன. அவற்றுள் ஒன்று அறிந்துகொள்ளத் தக்கது. எட்டு உருளைப் பொறி மெதுவாக ஓடும்போது அதற்குக் காற்று மிகுதியாகத் தேவையில்லை. ஆகையால் காற்று நுழையும் வாயில் பெரும்பாலும் மூடியே இருக்கும். மூடிய வாயில் வழியே காற்றை இழுப்பதற்கே பொறி தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. நசுங்கிய குழல்வழியே இளநீரை உறிஞ்சிப் பார்த்தவர்க்கு இத்துன்பம் விளங்கும். தேவை குறையும் வேளையில் நான்கு உருளைகளின் கதவங்களை மூடி, அவற்றுக்கு எரிபொருளையும் நிறுத்திவிட்டால், எஞ்சிய நான்கும் வாயிலை நன்கு திறந்து மூச்சுவிடும். சேலஞ்சரின் தானியங்கிக் கியர் வகையில் இம்முறை இருந்தது. இதனால் செலவு பாதியாகிவிடாது. வண்டியின் எடையும் காற்றின் எதிர்ப்பும் அப்படியே இருக்கின்றன அல்லவா? அமெரிக்க அரசின் அளவீட்டின்படி அவ்வண்டி நகரில் லிட்டருக்கு 7 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும், நெடுஞ்சாலையில் 10 கி.மீ.க்குச் சற்று மேலாகவும் ஓடியது. ஃபோர்டு நிறுவனமோ மற்றொரு வழியை நாடியது. தன் மஸ்டாங் வண்டியில் 2.3 லிட்டர் நான்கு உருளைப் பொறியைப் பொருத்தி, காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ கருவியையும் சேர்த்தது. எட்டு உருளை மஸ்டாங்கும் தொடர்ந்து விற்கப்பட்டது. வாங்குவோர் பலர் அதன் உறுமலுக்காகவே வாங்கினர். உறுமலுக்கு எந்த அளவீட்டிலும் மதிப்பெண் இல்லை.

இங்கே ஒரு கணக்கு. நாள்தோறும் 120 கி.மீ. ஓடும் இரு வண்டிகளைக் கொள்வோம். முதல் வண்டியின் சிக்கனம் லிட்டருக்கு 6 கி.மீ.இலிருந்து 8 கி.மீ. ஆக உயர்கிறது. இரண்டாம் வண்டியின் சிக்கனம் 15 கி.மீ.இலிருந்து 20 கி.மீ. ஆக உயர்கிறது. எது மிகுதியாக எண்ணெயை மிச்சப்படுத்தும்? ஐந்து கி.மீ. உயர்ந்த இரண்டாம் வண்டியே என்று பலரும் விரைந்து கூறுவர். முதல் வண்டிக்கு முன்பு 20 லிட்டர் தேவைப்பட்டது. இப்போது 15 லிட்டர் போதும். மிச்சம் 5 லிட்டர். இரண்டாம் வண்டிக்கு 8 லிட்டர் தேவைப்பட்டது; இப்போது 6 லிட்டர். மிச்சம் 2 லிட்டரே. ஐரோப்பிய நாடுகளில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுவதன் பயன் இதனால் விளங்கும். முரட்டு வண்டியில் செய்யும் சிறு திருத்தத்தை எள்ளி நகையாடுதல் கூடாது.

வாடகை வண்டியின் கணக்கில் இன்னொன்றும் உண்டு. பயணியை இறக்கிவிட்டு அடுத்த பயணியைத் தேடி ஓடும் தொலைவுக்குக் கூலி இல்லை. எண்ணெய்ச் செலவு மட்டும் உண்டு. 120 கி.மீ. ஓடிய வண்டியில் 40 கி.மீ. இவ்வாறு காலியாக ஓடியிருந்தால், எஞ்சிய 80 கி.மீ.இன் வருவாயே முழு எண்ணெய்ச் செலவையும் தாங்க வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனவும், வண்டி லிட்டருக்கு 12 கி.மீ. ஓடும் எனவும் கொண்டால், நாளொன்றுக்கு 1000 ரூபாய் எரிந்துவிடும். அதே வண்டி நன்கு பேணப்பட்டு 15 கி.மீ. ஓடினால் செலவு 800 ரூபாய். மாதத்தில் 25 நாள் ஓட்டினால் வேறுபாடு 5000 ரூபாய். காற்றுக் குறைந்த சக்கரமும் அழுக்கடைந்த காற்று வடிகட்டியும் ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவை விழுங்கிவிடக்கூடும்.

மும்பை ஓட்டுநர்க்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது எரிவாயு. நகரின் புகை குறித்து மும்பை உயர்நீதிமன்றத்தில் 1999இல் ஒரு பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டது. அதன் விளைவாகப் பழைய வாடகை வண்டிகள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டியதாயிற்று. பத்மினிகள் சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அது கிலோ கணக்கில் விற்கப்படுவது, பெட்ரோலைவிடச் செலவு குறைவு, புகையும் குறைவு. ஆயினும் இழப்பு இல்லாமல் இல்லை. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் கனத்த உருளைக்கலன், வண்டியின் பின்பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டது. ஊரிலிருந்து தாதரில் வந்திறங்கிய பயணியின் அரிசி மூட்டை கூரைமேல் ஏறியது. எரிவாயு நிலையத்தில் வரிசையில் காத்திருக்கும் நேரமும் வருவாய் இழப்பே. அவ்விழப்பு எந்த ‘ஆவரேஜ்’ கணக்கிலும் வருவதில்லை.

சொற்பொருள்

உந்துபொறி – வண்டியை இயக்கும் எந்திரம்
உருளை – பொறியினுள் எரிபொருள் எரியும் அறை
கதவம் – இங்கு, காற்றும் புகையும் செல்லும் வால்வு
எள்ளி நகையாடுதல் – இகழ்ந்து சிரித்தல்

பயிற்சி

1. குர்லா ஆலையில் முதலில் உருவான வண்டிகள் யாவை? அவை வாடகைத் தொழிலிலிருந்து ஒதுங்கியது ஏன்?

2. ‘நெரிசல் நகரத்தில் எடையே பெரும்பகை’ – இத்தொடரை உம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைச் சான்றாகக் கொண்டு ஐந்து வரிகளில் விளக்குக.

3. 240 கி.மீ. தொலைவுக்கு ஒரு வண்டியின் சிக்கனம் லிட்டருக்கு 8 கி.மீ.இலிருந்து 10 கி.மீ. ஆகவும், மற்றொன்றன் சிக்கனம் 20 கி.மீ.இலிருந்து 24 கி.மீ. ஆகவும் உயர்கின்றன. மிச்சமாகும் லிட்டர்களைத் தனித்தனியே கணக்கிட்டு, விடையை எழுத்தால் எழுதுக.

4. ‘கையைக் கடித்தது’ என்னும் மரபுத்தொடரின் பொருளை அறிந்து சொந்த வாக்கியத்தில் அமைக்க.

5. உம் குடியிருப்பில் ஆட்டோ அல்லது வாடகை மகிழுந்து ஓட்டும் ஒருவரிடம், நேற்று அவர் ஓட்டிய மொத்தத் தொலைவு, காலியாக ஓடிய தொலைவு, எரிபொருள் நிரப்பக் காத்திருந்த நேரம் ஆகியவற்றைக் கேட்டறிக. அவர் எம்மொழியில் கூறினாலும் தமிழில் எழுதி வருக.