தேக்காவில் போக்கிமான் பிடிக்க நான்கு செயற்கைக்கோள்கள்

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி, தேசிய தினத்திற்கு மூன்று நாள்களுக்கு முன்பு, 'போக்கிமான் கோ' சிங்கப்பூருக்கு வந்தது. அடுத்த சில நாள்களில் ஹவ்காங் அவென்யூ 10ல் உள்ள புளோக் 401ஐச் சுற்றி இரவுதோறும் பெருங்கூட்டம் திரண்டது. சத்தம், குப்பை, இருபுறமும் பார்க்காமல் சாலையைக் கடப்போர் என்று அங்கு குடியிருப்போர் குறைகூறினர்.

போக்கிமான் அப்போது புதிய விளையாட்டு அல்ல. அதற்கு 20 வயது ஆகியிருந்தது. அதுவரை வீட்டிற்குள் உட்கார்ந்து விளையாடப்பட்ட ஒன்று, திறன்பேசிக்கு மாறியதும் தெருவை நிரப்பியது எப்படி? இந்த மாற்றத்திற்குப் பின்னால் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது: தூரம் = வேகம் × நேரம்.

உலகை அறியாத கருவி

முதல் போக்கிமான் விளையாட்டு 1996 பிப்ரவரி 27ஆம் தேதி ஜப்பானில் வெளிவந்தது. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேகரித்தவர். அந்த மகிழ்ச்சியை அவர் நின்டெண்டோவின் 'கேம் பாய்' கருவிக்குள் கொண்டுவந்தார்.

1989ல் வெளிவந்த கேம் பாய், 8 பிட் செயலியும் 8 கிலோபைட் நினைவகமும் கொண்டது. திரையில் 160க்கு 144 படப்புள்ளிகள் மட்டுமே. வெளியுலகைப் பற்றி அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்தப் பொத்தான் அழுத்தப்படுகிறது என்பது. நீங்கள் தோக்கியோவில் இருந்தாலும் தேக்காவில் இருந்தாலும் அதற்கு வேறுபாடு தெரியாது.

திறன்பேசியில் பொத்தான்கள் இல்லை. எனவே பழைய விளையாட்டுகளை அதற்கு மாற்றுவோர் புது வழி தேட வேண்டியிருந்தது. 2016 டிசம்பரில் வந்த 'சூப்பர் மாரியோ ரன்' ஒரு வழியைக் காட்டியது: மாரியோ தானாகவே ஓடுவார், திரையைத் தட்டினால் குதிப்பார். போக்கிமான் கோவை உருவாக்கிய நியான்டிக் நிறுவனம் வேறு வழியில் சென்றது. திறன்பேசியில் பொத்தான் இல்லாவிட்டாலும், இருப்பிடத்தை அறியும் ஜிபிஎஸ் இருக்கிறதே! ஆட்டக்காரரின் கால்களே இனிப் பொத்தான்கள். அவர் நடந்தால் திரையில் உள்ள உருவமும் நடக்கும்.

இருப்பிடத்தைக் கணக்கிடுவது எப்படி?

நண்பர் ஒருவர், "தேக்கா நிலையத்திலிருந்து நேர்கோட்டில் 300 மீட்டர் தூரத்தில் நிற்கிறேன்" என்கிறார். அவர் எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா? நிலையத்தை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரையலாம். அவர் அந்த வட்டத்தின் மீது எங்கும் இருக்கலாம். "வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து 400 மீட்டர்" என்றும் சொன்னால், இரண்டாவது வட்டம் முதல் வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். மூன்றாவது தூரமும் தெரிந்தால் ஒரே புள்ளி மிஞ்சும்.

ஜிபிஎஸ் இதையே வானத்தில் செய்கிறது. அங்கே வட்டங்களுக்குப் பதில் கோளங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும், "நான் இங்கே இருக்கிறேன், என் அணுக் கடிகாரத்தில் இப்போது மணி இது" என்ற செய்தியை இடைவிடாமல் அனுப்புகிறது. அந்த ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. செயற்கைக்கோள் நேர் மேலே இருந்தால் பயண நேரம் ஏறக்குறைய 0.067 விநாடி. அந்த நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒளி ஒரு மைக்ரோவிநாடியில் 300 மீட்டர் கடந்துவிடும். திறன்பேசியின் கடிகாரம் அந்த அளவு பிசகினாலே தூரக் கணக்கு 300 மீட்டர் தவறிவிடும். திறன்பேசிக்குள் அணுக் கடிகாரம் வைக்க முடியாது. எனவே கடிகாரப் பிழையையும் ஒரு தெரியாத எண்ணாக எடுத்துக்கொள்கிறோம். நீளம், அகலம், உயரம், நேரம் எனத் தெரியாதவை நான்கு. நான்கையும் கண்டுபிடிக்க நான்கு சமன்பாடுகள் வேண்டும். அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

போக்கிமான் பிறந்த 1996லேயே ஜிபிஎஸ் முழுமையாக இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அந்தப் பிழை 100 மீட்டர்வரை போகும். கேம்பல் லேனில் நிற்பவரை அது டன்லப் ஸ்திரீட்டில் நிற்பதாகக் காட்டியிருக்கலாம். 2000ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. இன்று திறந்தவெளியில் திறன்பேசியின் பிழை பொதுவாக 5 மீட்டர் அளவில்தான் இருக்கும்.

ஐந்தடிப் பாதையில் தடுமாறும் உருவம்

சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதையில் நின்று விளையாடினால், திரையில் உள்ள உருவம் சில நேரம் தானாகவே சாலையைக் கடந்து, மறுபடி திரும்பி வரும். ஏன்?

ஐந்தடிப் பாதை, ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் தோன்றியது. வெயிலும் மழையும் படாமல் மக்கள் நடக்கக் கூரையிட்ட பாதை வேண்டும் என்பது நோக்கம். அதே கூரை இன்று செயற்கைக்கோளின் மெல்லிய சமிக்ஞையையும் மறைக்கிறது. வானத்தின் ஒரு பாதி கட்டடத்தால் மறைய, மறு பாதியிலிருந்து வரும் அலைகளே கிடைக்கின்றன.

சில அலைகள் எதிர்ப்புறக் கட்டடச் சுவரில் பட்டுத் தெறித்தும் வருகின்றன. கோயில் மண்டபத்தில் எதிரொலி தாமதமாகக் கேட்பதைப் போன்றது இது. தெறித்து வந்த அலை 30 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருந்தால், அது 0.1 மைக்ரோவிநாடி தாமதமாக வரும். திறன்பேசி அதை நேராக வந்த அலை என்று எண்ணிவிட்டால், அந்தச் செயற்கைக்கோள் உண்மையில் உள்ளதைவிட 30 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கணக்குப் போடும். அதனால் உருவம் இடம் மாறுகிறது. ராஃபிள்ஸ் பிளேஸின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் இதே தொல்லை உண்டு.

கூட்டம் கூடியது ஏன்?

கேம் பாயில் ஒவ்வொருவரின் விளையாட்டும் அவரவர் கருவிக்குள் தனியாக நடந்தது. போக்கிமான் கோவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே வரைபடம்; அதை நிறுவனத்தின் கணினிகள் நடத்துகின்றன. அரிய போக்கிமான் ஒன்று ஓரிடத்தில் தோன்றினால், அது எல்லாருக்கும் அதே இடத்தில், அதே நேரத்தில் தோன்றும். ஹவ்காங்கில் பொருள்கள் கிடைக்கும் நிலையங்கள் நெருங்கி அமைந்திருந்ததும் கூட்டத்தை ஈர்த்தது. விளையாட்டின் வரைபடத்தில் அவை வெறும் புள்ளிகள். ஆனால், அந்தப் புள்ளிகளுக்கு மேல் தூங்க முயன்ற குடும்பங்கள் இருந்தன.

செயற்கைக்கோள் உங்களைப் பார்க்கிறதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வானொலி நிலையம் போன்றது. அது ஒலிபரப்புகிறது, யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. இருப்பிடத்தைக் கணக்கிடுவது உங்கள் கையில் உள்ள திறன்பேசி. அந்த விடையை இணையம் வழியாக நிறுவனத்திற்கு அனுப்புவது செயலி.

இந்த வேறுபாடு முக்கியமானது. செயற்கைக்கோளை உங்களால் கட்டுப்படுத்த முடியாது; அதற்குத் தேவையும் இல்லை. செயலியைக் கட்டுப்படுத்தலாம். நீங்கள் தினமும் எந்த நேரத்தில் பள்ளியில், துணைப்பாட வகுப்பில், வீட்டில் இருக்கிறீர்கள் என்பதை இருப்பிடத் தகவலைக் கொண்டே ஊகித்துவிடலாம். அமைப்புகளுக்குச் சென்று, எந்தெந்தச் செயலிகளுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். தேவையில்லாதவற்றுக்கு நிறுத்திவிடுங்கள். தேவையானவற்றுக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதே போதும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று வரைபடச் செயலியைத் திறங்கள். நீலப் புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் எவ்வளவு பெரியது? பிறகு திறந்த திடலுக்குச் சென்று, ஒரு நிமிடம் நின்று மறுபடி பாருங்கள். வட்டம் சுருங்கியதா? காரணத்தை இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள்.

2. சுவரில் தெறித்து வந்த அலை 0.2 மைக்ரோவிநாடி தாமதமானால், அந்தச் செயற்கைக்கோளுக்கான தூரக் கணக்கு எத்தனை மீட்டர் பிசகும்?

விடை: 0.2 × 300 = 60 மீட்டர்.